மருத்துவ மாணவரும் குழந்தை நல ஆய்வும்

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவு பெறுவதற்குள் இறந்தன. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் இவ்வெண்ணிக்கை 27 ஆகக் குறைந்தது. அரை நூற்றாண்டுக் காலத்தில் அடைந்த இம்முன்னேற்றம் பெரியதே. எனினும் அதே ஆண்டின் கணக்கில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 31. அவற்றுள் 19 இறப்புகள் பிறந்த 28 நாட்களுக்குள் நிகழ்ந்தவை. அதாவது, இறக்கும் குழந்தைகளுள் ஐந்தில் மூன்று பங்கு முதல் மாதத்தைக் கூடத் தாண்டுவதில்லை.

குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத் திணறல், நோய்த் தொற்று ஆகியவையே இவ்விறப்புகளுக்கு முதன்மையான காரணங்கள். இவற்றைத் தடுக்கும் வழிகளுள் பல ஏற்கெனவே அறியப்பட்டவை. அறிந்த வழி ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையில், ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் ஏன் முழுமையாகக் கைக்கொள்ளப்படவில்லை என்பதே பெரும்பாலும் அறியப்படாதது. இவ்வினாவுக்கு விடை தேட விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பொறுமையாகக் கவனிக்கும் கண்களும், ஒழுங்காகக் குறித்து வைக்கும் கையும் தேவை. மருத்துவக் கல்லூரி மாணவர் இப்பணிக்குத் தக்கவர். அவருக்கு விடுமுறைக் காலத்திலும், தேர்வுகளுக்கு இடைப்பட்ட வாரங்களிலும் கிடைக்கும் ஆய்வு வாய்ப்புகளும், மருத்துவருடன் இருந்து கற்கும் வாய்ப்புகளும் நாட்டின் குழந்தை நலத்தோடு நேரடித் தொடர்புடையவையாவது இதனால்தான்.

மாணவர் பங்கின் வரலாறு

மருத்துவ வரலாற்றில் மாணவர் பங்கு சிறிதன்று. கணையத்தில் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களை 1869இல் முதன்முதலாக விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ், அப்போது பெர்லினில் பயின்ற மாணவரே. அவற்றின் பயன் அன்று அவருக்கும் தெரியாது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1921ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பாண்டிங் என்னும் அறுவை மருத்துவருக்கு உதவியாளராகச் சார்லஸ் பெஸ்ட் என்னும் 22 வயது மாணவர் அமர்த்தப்பட்டார். இருவரும் கணையச் சாற்றைப் பிரித்தெடுக்க முயன்றனர். 1922 ஜனவரியில் அச்சாறு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட நோயாளி லியோனார்ட் தாம்சன் என்னும் சிறுவன். நீரிழிவு கண்ட சிறுவர் பிழைப்பது அரிது என்றிருந்த நிலை இன்சுலினால் மாறியது.

இவ்வரலாறு ஊக்கத்தை மட்டுமன்றி எச்சரிக்கையையும் தருகிறது. சிறுவனுக்கு முதலில் செலுத்தப்பட்ட சாறு தூய்மையற்றதாயிருந்ததால் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்வேதியியலாளர் அதனைத் தூய்மைப்படுத்திய பின்னரே நோய் கட்டுக்குள் வந்தது. ஆய்வுக்கூடத்தையும் அறிவுரையையும் அளித்தவர் பேராசிரியர் மெக்ளியட். மாணவரின் ஒரு கோடைக்கால உழைப்புப் பயன் தர வேண்டுமாயின், அவருக்கு மேலாகத் தேர்ந்த நெறியாளரும், அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனமும் நிற்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

குழந்தைகளைக் காத்த இந்திய ஆய்வுகள் வேறொரு பாடத்தைக் கூறுகின்றன. 1971இல் வங்கதேச அகதிகள் திரண்டிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, குழந்தை மருத்துவரான திலீப் மகலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். சிரை வழியே செலுத்தும் திரவம் போதாமையால், கலவையை ஊட்டும் பணி நோயாளிகளின் உறவினரிடமே ஒப்படைக்கப்பட்டது. நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் ஆகிய மருத்துவத் தம்பதியர், கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே பேணும் முறையை 39 கிராமங்களில் சோதித்தனர். ஒப்பிட்டு நோக்கப்பட்ட மற்ற கிராமங்களைவிட இங்கு பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்னும் முடிவு 1999இல் வெளியாயிற்று. 2011இல் வீட்டு நிலையிலான இப்பேணுகை நாடு தழுவிய திட்டமாக ஏற்கப்பட்டது. இவ்விரு பணிகளும் மக்கள் வாழும் இடத்திலேயே பிறந்தவை. எளிய வழி பெருவாரியான குழந்தைகளைச் சென்றடையுமா என்பதே அவை எழுப்பிய வினா.

உடனிருந்து கற்றல்

மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் இருவகைப்படும். முதலாவது, அனுபவமுள்ள மருத்துவருடன் இருந்து அவர் பணியைக் கவனித்தல். இதனை அப்சர்வர்ஷிப் என்றும் வழங்குவர். இரண்டாவது, ஒரு நெறியாளரின் கீழ் சிறு ஆய்வு ஒன்றைச் செய்து முடித்தல். இவை தம்முள் வேறுபட்டவையாயினும் முதலாவது இரண்டாவதற்கு வழி செய்கிறது. குழந்தைகள் பிரிவில் சில நாட்களேனும் கண் விழித்து நில்லாதவருக்கு ஆய்வுக்குரிய வினா தோன்றுவது அரிது.

2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த மருத்துவப் பாடத்திட்டம், நோயாளிகளோடு பழகும் வாய்ப்பை முதலாண்டிலேயே தொடங்குகிறது. மாணவர் தம் விருப்பப்படி துறையைத் தேர்ந்து பயிலும் காலமும் அத்திட்டத்தில் இடம் பெற்றது. தொடக்கத்தில் இருமாதம் என வகுக்கப்பட்ட அக்காலம் பின்னர்க் குறைக்கப்பட்டது. ஒரு பகுதியை ஆய்வுக்கூடம் அல்லது ஆராய்ச்சி சார்ந்த துறையிலும், மறு பகுதியை மருத்துவப் பிரிவிலும் கழிக்கலாம் என்பது அதன் அமைப்பு. குழந்தை மருத்துவத்தில் நாட்டமுள்ளவர் இவ்விரு பகுதிகளையும் ஒரே பொருளைச் சுற்றி அமைத்துக்கொள்வது நன்று.

உடனிருந்து கற்பவர் எதைக் காண வேண்டும்? அரிய நோய்களைத் தேடி அலைவது தேவையற்றது. குழந்தையின் மூச்சை எண்ணுவதிலிருந்து தொடங்கலாம். இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியா உண்டா என அறிய, உலகச் சுகாதார நிறுவனம் எளிய அளவுகளை வகுத்துள்ளது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. மூச்சு இவ்வளவை எட்டினாலோ, கடந்தாலோ அது விரைவு மூச்சு எனப்படும். குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்போது முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் அந்த ஒரு நிமிடம் கிடைக்கிறதா? கிடைக்காவிடில் என்ன செய்யலாம்? உற்று நோக்கும் மாணவருக்கு இவ்விடத்திலேயே ஆய்வுப் பொருள் ஒன்று எழுகிறது.

குழந்தை தன் நோயைத் தானே எடுத்துரைப்பதில்லை. தாயோ, பாட்டியோ கூறுவதைக் கேட்டே மருத்துவர் நோய் வரலாற்றை அறிகிறார். அவர்கள் பேசும் வட்டார மொழியும், நோய்களுக்கு வழங்கும் பெயர்களும் பாடநூலில் இரா. தேர்ந்த மருத்துவர் அவ்வுரையாடலை நடத்தும் முறையை அருகிருந்து காண்பது, நூலால் பெற இயலாத கல்வியாகும்.

இக்கல்விக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. உடனிருக்கும் மாணவர் சிகிச்சை அளிப்பவர் அல்லர். பெற்றோரிடம் அவர் இன்னார் என அறிமுகப்படுத்தப்பட வேண்டும். பெற்றோர் விரும்பாவிடில் விலகி நிற்க வேண்டும். நோயாளியின் பெயர், படம் முதலியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்தல் கூடாது. பச்சிளங்குழந்தைப் பிரிவினுள் நுழையுமுன் கைகளை முறைப்படி கழுவுதல் கட்டாயம். சளியோ காய்ச்சலோ உள்ள நாளில் அப்பிரிவுக்குச் செல்லாதிருப்பதே கடமை. தட்டம்மை, சின்னம்மை, கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் தமக்குப் போடப்பட்டுள்ளனவா என்பதையும் மாணவர் முன்கூட்டியே சரிபார்த்தல் வேண்டும்.

குறுகிய கால ஆய்வு உதவித்தொகை

மாணவர் ஆய்வுக்கென நாடு தழுவிய அளவில் நடைபெறும் திட்டங்களுள் முதன்மையானது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் உதவித்தொகைத் திட்டமாகும். 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமாகத் தோன்றி, 1949இல் இப்பெயர் பெற்ற இக்கழகம், பட்ட வகுப்பு மருத்துவ மாணவரிடம் ஆராய்ச்சி நாட்டத்தை வளர்க்கும் நோக்கத்துடன் இதனை நடத்தி வருகிறது. ஆய்வுக் காலம் இரண்டு மாதம். தம் கல்லூரியிலேயே பணியாற்றும் ஆசிரியர் ஒருவரை நெறியாளராகக் கொண்டு, மாணவர் ஆய்வுத் திட்டத்தை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். வல்லுநர்கள் அதனை ஆராய்ந்து தேர்வு செய்வர். ஆய்வு முடிந்ததும் அறிக்கை அளிக்க வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே உதவித்தொகையும் சான்றிதழும் வழங்கப்படும்.

இத்திட்டத்தின் சிறப்பு, மாணவர் வெளியூர் செல்லத் தேவையில்லை என்பதாகும். பெருநகரின் புகழ்பெற்ற நிறுவனத்தில் பயில்பவருக்கும், மாவட்டத் தலைநகரின் புதிய கல்லூரியில் பயில்பவருக்கும் வாய்ப்பு ஒன்றே. ஆயின் உதவித்தொகை முடிவில் கிடைப்பதால், இடையில் ஏற்படும் செலவைத் தாங்க இயலாத ஏழை மாணவர் தயங்குவர். படிவங்களை அச்சிடல், கிராமங்களுக்குச் சென்று வரல் போன்ற சிறு செலவுகளைக் கல்லூரியே முன்பணமாக அளிக்க முன்வருமாயின் இத்தயக்கம் நீங்கும்.

தக்க வினா எது?

இரண்டு மாதம் என்பது எட்டு வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலம். புதிய மருந்தைச் சோதிக்கவோ, குழந்தைகளின் வளர்ச்சியை ஆண்டுக் கணக்கில் தொடரவோ அக்காலம் போதாது. மாணவர் ஆய்வுகள் தோல்வியுறுவதற்கு முதற்காரணம் வினா பெரிதாக அமைவதே. சிறியதாக, விடை காணத்தக்கதாக, விடை கிடைத்தால் யாரேனும் ஒருவர் தம் நடைமுறையை மாற்றிக்கொள்ளத்தக்கதாக வினா அமைய வேண்டும்.

இதற்கோர் எடுத்துக்காட்டைக் காணலாம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டின் பிரசவங்களுள் 88.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காட்டினரே. குழந்தை மருத்துவமனையில் பிறக்கிறது. மருத்துவரும் செவிலியரும் அருகில் உள்ளனர். எனினும் செலவே இல்லாத முதல் பாதுகாப்பு பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வெளி எதனால் ஏற்பட்டது?

காரணம் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். ஓரிடத்தில் அறுவை மூலம் பிரசவித்த தாய் மயக்கம் தெளியும் வரை குழந்தை வேறு அறையில் வைக்கப்படலாம். மற்றோரிடத்தில் செவிலியர் எண்ணிக்கை குறைவாயிருக்கலாம். இன்னோரிடத்தில் சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு, தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவில் தடவும் வழக்கம் தடையாகலாம். தமிழகத்தில் சேனை என்றும், வட மாநிலங்களில் குட்டி என்றும் வழங்கும் இப்பழக்கத்தைப் பெரியோர் அன்பின் காரணமாகவே செய்கின்றனர். எக்காரணம் எவ்விடத்தில் மேலோங்கியுள்ளது என்பதை ஒரு மாணவர் எட்டு வாரத்தில் கண்டறிய இயலும். நூறு தாய்மாரிடம் பிரசவ நேரம், முதற்பால் கொடுத்த நேரம், தாமதத்துக்குரிய காரணம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்தால் போதும். அந்நூறு பேரில் 42 பேர் உரிய நேரத்தில் பாலூட்டினர் எனில், அம்மருத்துவமனையின் உண்மை நிலை ஏறத்தாழ 32க்கும் 52க்கும் இடைப்பட்டது எனக் கொள்ளலாம். துல்லியம் குறைவே, ஆயினும் பிரசவ அறையின் நடைமுறையை மாற்றலாமா என முடிவெடுக்க அது போதுமானது.

இவ்வாறே, அதே ஆய்வு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுள் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு எனக் காட்டியது. இரும்புச் சத்து மருந்து வீட்டுக்குச் சென்றபின் குழந்தைக்குக் கொடுக்கப்படுகிறதா, கொடுக்கப்படாவிடில் தாய் கூறும் காரணம் என்ன என்பது மற்றொரு தக்க வினா. ஹரியானாவின் பல்லப்கரில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1965 முதல் நடத்தி வரும் கிராமியச் சுகாதாரப் பணி போன்றவை, மருத்துவக் கல்வியையும் ஆய்வையும் மக்கள் வாழிடத்துக்குக் கொண்டு சென்றமைக்குச் சான்றாகும்.

குழந்தையின் இசைவு

குழந்தைகளிடம் நடத்தும் ஆய்வு, பெரியோரிடம் நடத்தும் ஆய்வின் சிறு வடிவம் அன்று. பச்சிளங்குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 80 முதல் 90 மில்லி லிட்டர் இரத்தமே உண்டு. ஒன்றரைக் கிலோ எடையுடன் பிறந்த குறைமாதக் குழந்தையின் மொத்த இரத்தம் ஒரு சிறு தேநீர்க் குவளைக்குள் அடங்கும். ஆய்வுக்காகக் கூடுதலாக எடுக்கும் சில மில்லி லிட்டரும் அதற்குப் பெரிது. ஆகவே மாணவர் ஆய்வுகளில் இயன்றவரை ஏற்கெனவே எடுக்கப்பட்ட மாதிரிகளையும், பதிவேடுகளையும், நேர்காணலையும் பயன்படுத்துவதே முறை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழந்தைகள் சார்ந்த ஆய்வுக்கெனத் தனி அறநெறி வழிகாட்டியை 2017இல் வெளியிட்டது. பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளரின் ஒப்புதல் இன்றியமையாதது. அத்துடன் ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தையிடம் வாய்மொழி இசைவும், பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளவரிடம் எழுத்து வடிவ இசைவும் பெற வேண்டும். நோயுற்ற எட்டு வயதுச் சிறுமியிடம் அவளுக்குப் புரியும் சொற்களில் ஆய்வை விளக்கி, அவள் வேண்டாம் எனில் அதனை ஏற்றுக்கொள்வது, மருத்துவ மாணவர் பெறும் பயிற்சிகளுள் மிக உயர்ந்தது. ஆய்வில் சேர மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதைப் பெற்றோர் ஐயமின்றி உணரச் செய்வதும் அவர் பொறுப்பு. வெள்ளை அங்கி அணிந்தவரை மறுத்துப் பேச ஏழைப் பெற்றோர் அஞ்சுவர் என்பதை அவர் மறத்தலாகாது.

இடர்ப்பாடுகள்

வாய்ப்புகள் இருந்தும் பயன் குறைவதற்குச் சில காரணங்கள் உள. புதிய கல்லூரிகள் பலவற்றில் குழந்தை மருத்துவ ஆசிரியர் நோயாளிகளைக் கவனிக்கவே நேரமின்றி உள்ளனர். அறநெறிக் குழு உரிய காலத்தில் கூடாமையால், மாணவரின் எட்டு வாரங்களுள் பாதி அனுமதிக்குக் காத்திருப்பதிலேயே கழிந்துவிடலாம். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு ஒன்றே குறியாயிருக்கும் மாணவர், ஆய்வைக் காலத்தை வீணாக்கும் செயலாகக் கருதுவர். மறுபுறம், வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பொருட்டுச் சான்றிதழும், கட்டுரைப் பட்டியலும் மட்டும் வேண்டுவோரும் உளர். அவர்களை நம்பிக் கட்டணம் பெற்றுச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும், மதிப்பீடின்றிக் கட்டுரை வெளியிடும் இதழ்களும் பெருகியுள்ளன. இவற்றால் பணம் மட்டும் இழக்கப்படுவதன்று. நேர்மையற்ற எண் ஒன்று அச்சேறினால், அதை நம்பி எடுக்கப்படும் முடிவு ஒரு குழந்தையைப் பாதிக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

இக்குறைகளைக் களையப் பெருநிதி தேவையில்லை. கல்லூரி முதல்வர்கள், மாணவர் ஆய்வுத் திட்டங்களை ஆராய்வதற்கென அறநெறிக் குழுவின் கூட்டம் ஒன்றை ஆய்வுக் காலத்துக்கு முன்னரே நிர்ணயிக்கலாம். குழந்தை மருத்துவத் துறைகள், தம் பிரிவில் விடை தேவைப்படும் சிறு வினாக்களின் பட்டியலை ஆண்டுதோறும் மாணவர் முன் வைக்கலாம். நெறியாளர் போதாத கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறை ஆசிரியரும், புள்ளியியலாளரும் துணை நெறியாளராகலாம். மாவட்டச் சுகாதார அதிகாரிகள் தம் பதிவேடுகளில் தென்படும் ஐயங்களைக் கல்லூரிக்குத் தெரிவிக்கலாம். முதல் மாத இறப்பு எந்த ஒன்றியத்தில் மிகுதி, அங்கிருந்து வரும் குழந்தைகள் மருத்துவமனையை அடைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்பன போன்ற வினாக்கள் நிர்வாகத்துக்கும் கல்விக்கும் பொதுவானவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வு முடிவு அது நடந்த இடத்துக்கே திரும்பி வருதல் வேண்டும். பல மாணவர் அறிக்கைகள் சான்றிதழ் பெற்றதும் அலமாரியில் உறங்குகின்றன. பாலூட்டலில் ஏற்படும் தாமதத்தை ஆராய்ந்த மாணவர், தம் முடிவைப் பிரசவ அறைச் செவிலியர் முன் பத்து நிமிடம் எடுத்துரைப்பது கட்டாயமாக்கப்படுமாயின், அடுத்த வாரமே சில குழந்தைகள் பயன் பெறும். ஆறு மாதத்துக்குப் பின் மற்றொரு மாணவர் அதே நூறு தாய்மார் கணக்கை மீண்டும் எடுப்பாராயின், மாற்றம் நிகழ்ந்ததா என்பதும் புலப்படும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரும் இம்முறையால், எட்டு வாரங்களின் குறுகிய எல்லையும் ஒரு தடையாகாது.

ஆண்டுதோறும் பல்லாயிரம் மாணவர் நம் மருத்துவக் கல்லூரிகளில் சேர்கின்றனர். அவர்களுள் அனைவரும் ஆராய்ச்சியாளராவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் தம் கல்விக் காலத்தில் ஒருமுறையேனும் ஒரு வினாவை எழுப்பி, நேர்மையாக எண்ணிப் பார்த்து விடை கண்டவர், பின்னாளில் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தனித்துப் பணியாற்றும்போதும் தம் எண்ணிக்கைகளைத் தாமே ஐயுற்று நோக்குவார். ஆயிரத்துக்கு 19 என்னும் எண்ணை மேலும் குறைக்க நாட்டுக்குத் தேவைப்படுவோர் அத்தகைய மருத்துவர்களே.